பாலைவனத்தில் நான் மறைத்த பதினொரு நாள்

ராசா, முதலில் ஒரு இடத்தில் இரு. வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் நின்றபடி வாசிக்கிற கடிதம் இல்லை இது. தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். தொலைபேசியில் நான் பொய் சொல்லிப் பழகிவிட்டேன், அதுதான் காரணம். இன்னும் ஐந்து கிழமையில் உனக்கும் கௌசிக்கும் கல்கரியில் கல்யாணம். அம்மா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "வாறன், மண்டபத்திலை நிண்டிட்டுப் போறன்" என்றுதான் சொல்லியிருக்கிறார். பெற்ற பிள்ளையின் கல்யாணத்துக்கு அயலட்டைக்காரர் மாதிரி வந்து நின்றுவிட்டுப் போகப்போகிறாராம். உனக்குத் தலையில் பால் அறுகு வைக்க முதல் ஆளாய் நிற்கவேண்டிய தாய்மாமன் இல்லை. தாயும் கை தொடமாட்டாராம். மாமா செத்த செய்தியைப் பதினொரு நாள் சொல்லாமல் வைத்திருந்தவன் நீ என்று அம்மா இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார். வைத்திருந்தவன் உன் அப்பா நான். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்ததும் பாதிதான். மிச்சத்தையும் இதில் எழுதுகிறேன்.

அரிசோனாவுக்குப் போகிற எண்ணம் அம்மாவுடையது என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் என்னோடு பதினாறு வருடம் ஒரே லைனில் விமானச் சாமான் பூட்டிய ரேஜான், ஓய்வு எடுத்த பிறகு ஒவ்வொரு மாரிக்கும் தன் கேம்பர் வண்டியை டூசன் பக்கத்துப் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எங்களுக்கு ஒரு கள்ளிப் படத் தபாலட்டை அனுப்புவான். அம்மா அவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வரிசையாக ஒட்டிவைத்தார். "இப்பிடி ஒரு மரம் உண்மையா நிக்குமோ? ஆரோ செய்து நட்டது மாதிரியெல்லோ கிடக்கு" என்று கார்டரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகமுன் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அந்த வருடம் ரேஜானின் மகளுக்குப் பிள்ளை பிறக்கிற நேரம். அவனும் மனைவியும் மூன்று கிழமைக்கு மகள் இருக்கிற லவாலுக்கு வந்து நிற்கவேண்டும். கேம்பர் சும்மாதானே கிடக்கப்போகுது, போய் இருங்கள் என்று திறப்பைத் தந்தான். நீதான் டிக்கெட் போட்டுத் தந்தாய். நீதான் எங்களை விமான நிலையத்தில் இறக்கினாய். வெளியில் மைனஸ் இருபத்திநாலு. அம்மா மெல்லிய சட்டை ஒன்றுக்கு மேல் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, அங்கே போனதும் கோட்டைக் கழற்றி எறியப்போகிறேன் என்று உனக்குச் சொல்லிச் சிரித்தார். அவர் உன்னோடு சிரித்துக் கதைத்த கடைசி நாள் அது என்று நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் மொன்றியலில் மாரியென்றால் பனி வழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். அங்கே தை மாதத்தில் வெயில். ஆனால் விடிய எழும்பினால் கேம்பரின் கண்ணாடியில் உறைபனி இருக்கும், ஒன்பது மணிக்குக் காணாமல் போய்விடும். சவாரோ என்கிற பெரிய கள்ளிகள் மலைச்சரிவு முழுக்க நின்றன. இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம். கிட்டப் போய்ப் பார்த்தால் உடம்பு முழுக்கப் பாவாடை மடிப்பு. மழை பெய்தால் அந்த மடிப்பு விரிந்து தண்ணீரை வாங்கிக்கொள்ளுமாம். முதல் கை முளைக்கவே எழுபது வருடம் வேண்டுமாம். பூங்காவில் வேலைசெய்த ஒரு பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னதும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்கட வயசிலை இதுக்குக் கையே இல்லை. உங்களுக்கு ரெண்டு இருந்தும் ஒரு பிரியோசனமும் இல்லை." இன்னொரு இடத்தில் எங்கள் ஊர் நாகதாளிக் கள்ளி அப்படியே புதராய்க் கிடந்தது. இது எப்படி இங்கே வந்தது என்று அம்மா ஆச்சரியப்பட, இது இங்கிருந்துதான் உங்கள் நாட்டுக்கு வந்தது என்று அந்தப் பெண் சிரித்தாள். அம்மாவுக்கு அது பெரிய புதினம். ஞாயிற்றுக்கிழமை யோகனுக்குச் சொல்லவேண்டும் என்றார்.

யோகன் மாமாவோடு அம்மா ஞாயிறு தவறாமல் கதைப்பார் என்பது உனக்குத் தெரியும். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, லைன் கிடைக்கும்வரை அழுத்தி அழுத்தி, கிடைத்ததும் வாயில் வந்ததையெல்லாம் கொட்டுவார். நாங்கள் போய் மூன்றாம் நாள் காலை அது நடந்தது. அம்மா வெளியே கம்பளிச் சால்வையோடு தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு ஒரு கள்ளியில் துளைபோட்டு இருந்த குருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தேன். உன் அழைப்பு வந்தது. "அப்பா, மாமா செத்திட்டார். நெஞ்சு நோவெண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவையாம், வழியிலையே போயிட்டுதாம்" என்றாய். "அம்மாட்டைக் குடுங்கோ" என்றாய். நான் என்ன சொன்னேன்? "நான் சொல்லுறன், நீ வை." வைத்தேன். கையில் பட்டர் கத்தி இருந்தது. மிச்சப் பாணுக்கும் பூசி முடித்தேன். யன்னலால் பார்த்தேன். அம்மா எனக்குக் கையைக் காட்டி, சத்தம் போடாமல் வாங்கோ, குருவி தலையை நீட்டுது என்று சைகை செய்தார். போனேன். குருவியைப் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று இந்த ஒன்றரை வருடத்தில் எத்தனையோ விதமாக எனக்கே காரணம் சொல்லியிருக்கிறேன். சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம், யாழ்ப்பாணத்துக்குப் போகவும் முடியாது, பிணத்தைப் பார்க்கவும் முடியாது, பிறகு எதற்கு அவரின் நாளைக் கெடுக்கவேண்டும் என்பது ஒரு காரணம். எங்கள் ஆட்களின் வழக்கம் அது என்பது இன்னொன்று. பயணத்தில் இருக்கிறவருக்கு, சோதனை எழுதுகிறவருக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாவைச் சொல்லமாட்டோம். எனக்கும் அது நடந்தது. நான் வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஏழு பேர் ஒரு அறையில் இருந்தபோது என் அப்பா செத்த தந்தி வந்தது. அகதி விசாரணை முடியும்வரைக்கும் பெடியள் அதை ஒளித்துவைத்திருந்தார்கள். முடிந்த அன்றைக்கு மூத்தவர் ஒருவர் என்னை இருத்தி, "குறை நினையாதை, உன்ர நன்மைக்குத்தான்" என்று எடுத்துத் தந்தார். நானும் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு அந்த மனிதரின் முகத்தை நேரே பார்த்து நான் ஒரு நாளும் கதைத்ததில்லை. அவர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, எனக்காகச் சமைத்துப் போட்டவர். ஆனாலும் பார்க்க முடியவில்லை. அப்படியிருந்தும் அதையே நான் என் மனைவிக்குச் செய்தேன் பார். பட்டும் புத்தி வராத ஆள் என்று என்னைச் சொல்லிக்கொள்.

ஆனால் உள்ளதைச் சொன்னால் இந்தக் காரணங்கள் எல்லாம் பிறகு தேடி எடுத்தவை. அன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தட்டினால் சத்தமும் கேட்கும், ஆனால் உன்னுடையது மாதிரி இருக்காது. அப்படித்தான் இருந்தது. யோகன் எனக்கு மச்சான் மட்டும் இல்லை. நான் நாட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று கொழும்பு மட்டும் கூட வந்து, எனக்குப் பசிக்கும் என்று தன் சாப்பாட்டுப் பார்சலையும் என் பைக்குள் வைத்தவன். அவன் செத்துப்போனான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒன்றும் வராது. அவனுக்காக நான் இன்றைக்கு வரைக்கும் அழவில்லை. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று கேம்பரை ஓட்டினேன். ஒரு நாள் பந்து மாதிரி உருண்டைக் கள்ளிகள் எல்லாம் தெற்குப் பக்கம் சாய்ந்து நின்ற வெளிக்குப் போனோம். இன்னொரு நாள் செத்துப்போன சவாரோ ஒன்றின் எலும்பு மட்டும் நீட்டு நீட்டுக் கம்பாய் நின்றது. அம்மா அதைத் தட்டிப் பார்த்து, வேலிக்கு நல்ல வரிச்சு என்றார். நான் படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். ஒன்றிலும் நான் இல்லை.

சோயா என்று ஒரு கள்ளி. பார்க்கப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், பக்கத்தால் போனாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு சீப்பு எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும், கையால் மட்டும் இழுக்காதே என்று ரேஜான் சொல்லியனுப்பியிருந்தான். அம்மா ஆசைக்கு அதன் கிட்டப் போய் உள்ளங்கையில் ஒரு கட்டியை வாங்கிக்கொண்டார். கல்லொன்றில் இருத்தி, முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பை விட்டு ஒரே தெண்டாய்த் தெண்டினேன். கட்டி பறந்துபோய் விழுந்தது. பிறகு மிச்ச முள்ளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன். கண்ணால் தண்ணீர் ஓடஓட அம்மா சிரித்தார். "இருபத்தேழு வருசத்திலை இண்டைக்குத்தான் என்ர கையை இவ்வளவு நேரம் பிடிச்சிருக்கிறியள்" என்றார். சொல்லுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. கை என் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன். "தண்ணி குடிக்கிறீரோ" என்று கேட்டேன்.

அந்த ஞாயிறு அம்மா அட்டையை எடுத்தார். அமெரிக்காவில் இந்த அட்டை வேலை செய்யாது என்றேன். அடுத்த ஞாயிறு, யாழ்ப்பாணத்துக்கே லைன் இல்லையாம், பெடியன் சொன்னவன் என்றேன். அன்றைக்கு உன் பெயரை முதன்முதலாக இழுத்தேன். நீ இரண்டு நாளைக்கு ஒருதரம் போன் எடுத்து, "சொல்லிட்டீங்களோ? மாமி அம்மான்ர குரலைக் கேக்கவேணுமெண்டு அழுறா" என்பாய். பேந்து சொல்லுறன், பேந்து சொல்லுறன் என்று வைத்துவிடுவேன். உனக்கும் தெரியாதது இனித்தான் வருகிறது. லைன் இல்லை என்றதும் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. யோகனுக்குச் சீனி வருத்தம் கூடவாம், ஒரு அர்ச்சனை செய்யவேண்டும், பீனிக்ஸ் பக்கம் கோயில் இருக்காம், கூட்டிக்கொண்டு போங்கோ என்றார். இரண்டு மணித்தியாலம் ஓட்டினேன். அந்த இரண்டு மணித்தியாலமும் பக்கத்தில் இருந்து, தம்பி சின்னனில் செய்த குழப்படி எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் ஓம் ஓம் என்று வந்தேன். கோயிலில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, "நீங்கள் சொல்லுங்கோ" என்று என்னை முன்னுக்கு விட்டார். ஐயர் தமிழ்நாட்டுக்காரர். "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். யோகநாதன், விசாகம் என்றேன். கோத்திரம் தெரியாது என்றேன். "பரவால்ல, சிவ கோத்திரம்னு சொல்லிடறேன்." செத்து எட்டு நாளான மனிதனுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கேட்டு ஐயர் மந்திரம் சொன்னார். எரித்து ஏழு நாள். அவனின் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெயரும் நட்சத்திரமும் என் வாயால் சொன்னது, ராசா. அதைவிடப் பெரிய பாவம் ஒன்று நான் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்போதுகூட எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. திருநீறு வாங்கிப் பூசினேன்.

செய்தி வந்த பதினோராம் நாள் மொன்றியலுக்கு வந்து இறங்கினோம். விமான நிலையத்துக் கழிவறைக்குள் நின்று உனக்கு எடுத்து, "அப்பாவைப் பிடிக்க ஏலாமல் போச்சு, நேற்றுத்தான் சொன்னனான் எண்டு சொல்லு" என்று கேட்டேன். "ஓம் அப்பா" என்றாய். வீட்டுக்கு வந்து சப்பாத்தும் கழற்றமுன், நடையில் வைத்தே அம்மாவுக்குச் சொன்னேன். அவர் விழவில்லை, குழறி அழவில்லை. "எப்ப?" என்றார். சொன்னேன். விரலை மடித்து எண்ணினார். கோயிலுக்குப் போன நாளில் வந்து விரல் நின்றது. "உங்களுக்கு எப்ப தெரியும்?" "நேற்று. பெடியன் எடுத்தவன்." "அவனுக்கு?" "அண்டைக்கே." உனக்கு அன்றைக்கே தெரியும் என்பது உண்மைதானே. அந்த உண்மையைக் கொண்டுபோய் என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். அம்மா கோட்டோடேயே உனக்கு எடுத்தார். "பதினொரு நாள் நெஞ்சுக்குள்ளை வைச்சிருந்தனியே, உனக்கு என்ன மனம்? என்ர தம்பின்ர செத்தவீட்டைப் போனிலையெண்டாலும் கேட்டிருப்பனே" என்று கத்தினார். நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

செத்தவீட்டைப் போனில் கேட்பது உன் தலைமுறைக்கு விசரான காரியமாய்த் தெரியலாம். போகமுடியாத எங்களுக்கு அதுதான் இருந்தது. அங்கே யாராவது தொலைபேசியைப் பிணத்தின் தலைமாட்டில் பிடிப்பார்கள். தேவாரம் கேட்கும், பறை கேட்கும், இங்கே இருந்து குழறுகிறது அங்கே கேட்கும். மாமி அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றாவாம், அக்கா எடுப்பா, அக்கா எடுப்பா என்று. ஊரடங்குக்கு முன் எடுக்கவேண்டும் என்று கடைசியில் பிணத்தைத் தூக்கிவிட்டார்கள். அம்மாவிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். அதற்குப் பிறகு அம்மா உன்னோடு சாப்பிட்டியா, குளிரோ என்பதற்கு மேல் கதைக்கவில்லை. நீ அந்த வசந்தத்தில் கல்கரிக்கு வேலை எடுத்துக்கொண்டு போனாய். என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனாய். ஒரு தடவை கூட நீ கேட்கவில்லை, ஏன் அப்பா என்று. கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

கல்யாணம் செய்யப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு நல்லது சொல்லவேண்டும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். கௌசிக்கு ஒரு கெட்ட செய்தி வந்தால், அவளுக்கு அது தாங்குமா தாங்காதா என்று நீ நிறுத்துப் பார்க்காதே. காரில் போய்க்கொண்டிருந்தால் ஓரத்தில் நிறுத்திவிட்டுச் சொல். நல்ல நாள் பெருநாள் பார்க்காதே. அவள் ஆட்களின் சாவு, அவளுடைய அழுகை, அது அவளுக்குச் சேரவேண்டியது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, உனக்காகத்தான் என்று ஒரு நாளும் சொல்லாதே. நான் அம்மாவின் சிரிப்பைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். உண்மையில் அவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பயம். அவ்வளவுதான். ஒன்றரை வருடம் எடுத்தது இதை எழுத. உனக்கு அவ்வளவு எடுக்கக்கூடாது.

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதினேன். இன்றைக்குப் புதன். உனக்கு அனுப்பமுன் இதை அம்மாவிடம் கொடுக்கவேண்டும் என்று தெரியும், இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று வேலையால் வந்து குசினி மேசையில் இருந்தவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கோயில் வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து மிச்சத்தையும் வாசித்தார். என்னைக் கேட்பார், அடிப்பார், சட்டியைத் தூக்கி எறிவார் என்று நின்றேன். "நீங்கள் எனக்குச் செய்ததை நான் பேந்து பாக்கிறன்" என்றார். "என்ர பிள்ளைக்கு என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறியள்? ஒண்டரை வருசம் நான் அவனுக்குப் பிறந்தநாளுக்குக்கூட எடுக்கேல்லை. தெரியுமோ உங்களுக்கு?" தெரியும் என்றேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

என்ன கதைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, சொல்லவும் வேண்டாம். அம்மா குழறுகிறது கேட்டது. ஒன்றரை வருடத்தில் முதல் தடவை. தம்பி, தம்பி என்று கேட்டது. உன்னையோ யோகனையோ தெரியவில்லை. நான் நடையில் நின்றேன், உள்ளே போகவில்லை. அம்மா வெளியே வந்து முகம் கழுவிவிட்டு, "கல்கரிக்கு ஒரு டிக்கெட் எடுங்கோ" என்றார். ஒன்றா என்றேன். "எனக்கு. வாற சனிக்கு. பலகாரம் சுடவேணும், கௌசின்ர தாயோடை கதைக்கவேணும், பால் அறுகுக்கு ஆக்களைச் சொல்லவேணும். நீங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்தாக் காணும்." எடுத்துவிட்டேன். சனி மத்தியானம் வந்து இறங்குவார். இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டுவருகிறாராம், தபாலில் போடவேண்டாமாம். மடித்து உறைக்குள் வைத்து, ஓரத்தை நாக்கில் வைக்கப்போனேன்.

"ஒட்டாதேங்கோ" என்றார்.

ஒட்டவில்லை. திரும்ப வெளியே எடுத்து இதையும் எழுதினேன்.